நடு வீட்டுக்கு ஆள் தேடியபோது

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். குறிஞ்சாக்கேணிப் பக்கம் வேலை செய்யும் இளம் குடும்பநல உத்தியோகத்தர் அவள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னர் சேவைக்கு வந்தவள். வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்ப்பது எங்கள் வேலை. சனம் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் ‘மிஸ்’தான்.

“மிஸ், இஞ்ச ஒரு அம்மா இருக்கிறா. பிள்ளையைத் தூக்கிறா, பால் குடுக்கிறா, ஆனா அதின்ர முகத்தைப் பாக்கிறா இல்ல. மருந்து ஒருபக்கம் இருக்கட்டும், வீட்டுக்கு வந்து இருந்து கதைக்கக்கூடிய ஆள் ஒராள் வேணும். கிட்டடியில ஆரும் இருக்கினமா?”

யோசிக்காமலே பதில் சொன்னேன். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குத் தொலைபேசி எடு, டொக்டர் இருக்கிறாரா என்று கேட்காதே, உளநல சமூகப் பணியாளர் யார் என்று கேள், வீட்டுக்கு வருவார்களா என்று கேள், கிடைக்காவிட்டால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை பார்க்கிற உத்தியோகத்தர் இருப்பார், அவரைப் பிடி, ஆனால் ஒருவரும் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதே என்றேன்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்பிடி மிஸ் தெரியும்? எங்களுக்கு ஒருத்தரும் இப்பிடி விளக்கமாச் சொல்லேல்லையே.”

“வேலையில தெரிஞ்சதுதான்” என்றேன்.

அது பொய். வேலையில் இருந்த காலம் முழுவதும் அந்தப் பிரிவின் கதவுக்கு வெளியால் நடந்திருக்கிறேனே தவிர, உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று சரியாகக் கேட்டதில்லை. நான் அதைத் தெரிந்துகொண்டது என் வீட்டில். எங்கள் உத்தியோகத்தர் சங்க மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று தரும்படி தர்ஷினியும் மற்றப் பிள்ளைகளும் கனநாளாகக் கேட்கிறார்கள். அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலையே எழுதுகிறேன். மகள் அபியிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். “எழுதுங்கோ. ஆனா என்னைப் பாவம் எண்டு எழுதாதேங்கோ” என்றாள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடுதிச் சோறு, வெள்ளைச் சீருடை, வீட்டை நினைத்து அழுகை. கர்ப்பிணியின் வயிற்றில் குழலை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை முதன்முதலாகக் கேட்டேன் என்று துள்ளிக் குதித்தேன். நான் கேட்டது என் காதுக்குள் அடித்த என்னுடைய துடிப்பையே என்று ஆசிரியை சொன்னார். அவ்வளவுதான் பயிற்சி. வேலை கற்றது திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துத் தெருக்களில், பொன்மலர் மிஸ்ஸிடம்.

பொன்மலர் மிஸ் எங்கள் மேற்பார்வை உத்தியோகத்தர். ஒல்லியான மனுசி. கையில் எப்போதும் கறுத்தக் குடை. வெயிலுக்கும் அதுதான், மழைக்கும் அதுதான், நாய் வந்தாலும் அதுதான். தெருவில் வைத்து யாருடைய பெயரையும் சொல்லமாட்டார். ‘இண்டைக்கு ஒரு வீட்டுக்குப் போவம்’ என்பார். எந்த வீடு என்று கேட்டால், ‘நட, தெரியும்’ என்பார்.

வீட்டுக்குள் போவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வாசல் கேற்றடியில் நின்று வந்த காரணத்தைச் சொல்லக்கூடாது. உள்ளே போனதும் கண் குசினிப் பக்கம், அடுப்படிப் பக்கம் ஓடக்கூடாது. கதிரை தந்தால் இருக்க வேண்டும், தராவிட்டால் வாசற்படியில் இருக்க வேண்டும். நின்றுகொண்டு கேள்வி கேட்டால் அது பொலிஸ் விசாரணை. தருகிற தேத்தண்ணியில் சீனி கூடினாலும் குறைந்தாலும் குடித்து முடிக்க வேண்டும். “கண்ணைக் கழட்டி வாசல்ல வை. காதை மட்டும் உள்ளுக்குக் கொண்டு வா” என்பார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று, மூன்று வீட்டு முறை. வில்லங்கமான ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறோம் என்றால், அதற்கு முந்திய வீட்டுக்கும் போக வேண்டும், பிந்திய வீட்டுக்கும் போக வேண்டும். அங்கே கர்ப்பிணியும் இல்லை, குழந்தையும் இல்லை என்றால், கிணற்றில் டெங்கு பரப்பும் நுளம்புக் குஞ்சு இருக்கிறதா என்றாவது எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். “நடுவில இருக்கிறதுதான் எங்கட வீடு. அது எங்களுக்கு மட்டும் தெரிஞ்சாக் காணும்.”

அப்படிப் போன நடு வீடுகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மீன்பிடிக் குடும்பம். மருமகள் சின்னப் பிள்ளை. முதற் குழந்தை பிறந்து சில கிழமைகள். தர்ஷினி சொன்ன தாயைப் போலத்தான் அவளும். குழந்தை அழுதால் எடுப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். மாமியார் எங்களைக் கண்டதும் குசுகுசுத்தார்.

“பேய் பிடிச்சிட்டுது மிஸ்ஸி. மந்திரிச்சு நூல் கட்டியாச்சு.”

“நூல் இருக்கட்டும் அம்மா. நூலும் இருக்கட்டும், நாங்களும் வந்துபோறம்” என்றார் பொன்மலர் மிஸ்.

அவர் மருமகளுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். குழந்தையின் தொப்புளைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், தந்த தேத்தண்ணியைக் குடித்தார். மாமியார் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போன நேரம் பார்த்து, வெற்றிலை வேண்டுமா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்:

“சாகவேணும் போல இருக்கோ பிள்ளை?”

இப்படியா கேட்பது? ஆனால் அதுவரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தது. “ஓம் மிஸ்” என்றது.

“சொன்னது நல்லது. நாளைக்கும் வருவன்.”

வந்தார். நானும் போனேன். ஒவ்வொரு முறையும் மூன்று வீடுகள். டொக்டரையும் அவரே கதைத்துப் பிடித்தார். மருந்து தொடங்கியது. தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமலே அந்தப் பிள்ளை மெல்ல மெல்லத் தேறியது. பிறகு எத்தனையோ வீடுகளில் அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். குரல் நடுங்காமல் கேட்கப் பழகிவிட்டேன். மறைத்துச் செய்தால் எதையும் வெல்லலாம் என்ற நம்பிக்கையும் அந்த வீட்டிலிருந்துதான் எனக்கு வந்தது. அந்த நம்பிக்கையோடுதான் ஓய்வு வரை வந்தேன்.

ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கேட்டேன். முழங்கால் நோ என்று அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் முழங்காலைத் தடவிக் காட்டினேன். உண்மை என்னவென்றால், எங்கள் அன்புவழிபுரத்து வீட்டில் பகலில் ஒராள் கட்டாயம் இருக்க வேண்டியிருந்தது.

அபி கண்டியில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. முதலில் காய்ச்சல் என்றாள். பிறகு அதுவும் சொல்லவில்லை. படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். குளிக்கச் சொன்னால், ‘பிறகு.’ என்ன பிள்ளை என்றால், ‘ஒண்டுமில்ல.’ ஏதாவது காதலா, மூத்த மாணவரின் பகிடிவதையா, பரீட்சையா என்று துருவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்பதையே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குரலில் சொன்னாள்.

பக்கத்து வீட்டு யோகாக்கா ஒருநாள் வேலிக்கு மேலால் என் கணவரைக் கேட்டார்: “மகள் போயிட்டாவோ தம்பி?” இவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனால் அன்றைக்கு வாயில் வந்துவிட்டது: “ஓம் அக்கா, திங்கட்கிழமையே வெளிக்கிட்டிட்டா.”

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. நாளைக்கு ஒரு கல்யாணம் பேச வந்தால், ‘விசர் பிடிச்ச பெட்டை’ என்று ஒரு வாய் சொன்னால் போதும். அதனால் அபி கண்டியில் இருந்தாள், எங்கள் பின்னறையில் இருந்துகொண்டே.

அந்த ஒரு வசனத்தைக் காப்பாற்றுவது ஒரு குடும்பத்துக்குப் பெரிய வேலை. அவளுடைய யன்னல் திறக்கவில்லை. அவளுடைய உடுப்புக் கொடியில் காயவில்லை, குசினிக்குள் கயிறு கட்டிக் காயவிட்டேன். யாராவது வந்தால் அவள் அசையமாட்டாள். அப்படியும் சில வேளை இருமுவாள். அவள் இருமினால் முன்னறையில் இருக்கும் இவரும் உடனே பலமாக இருமுவார். யோகாக்கா, “தம்பிக்கு நெஞ்சில சளி கட்டியிருக்குப் போல” என்று அவித்துக் குடிக்கக் கொத்தமல்லி கொண்டுவந்து தந்தார். நன்றி சொல்லி வாங்கி வைத்தேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஒருவருக்கும் தெரியாமல் வாடகை வான் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோய் ஒரு விசேட மருத்துவரைக் காட்டினோம். நல்ல மனிதர். மாத்திரை எழுதினார். “மருந்து மட்டும் காணாது. உங்கட ஊரிலயே ஒரு உளநல சமூகப் பணியாளர் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கோ. வீட்டைப் பாத்து, உங்கள் எல்லாரோடயும் கதைக்கிறது அவையின்ர வேலை” என்றார். நான் தலையாட்டினேன். மனதுக்குள், வேறு எங்கேயும் சொல்லுங்கள், அங்கே மட்டும் போகமாட்டேன் என்றேன். எங்கள் ஆஸ்பத்திரியில் காவலாளியிலிருந்து தலைமைத் தாதி மேற்றன் வரைக்கும் என்னைத் தெரியும். பாதிப் பேருடைய பிள்ளைகளை நான் தராசில் நிறுத்திருக்கிறேன். ‘மிஸ்ஸிட மகளாம்’ என்பது நாங்கள் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே வார்ட்டுக்குப் போய்விடும்.

அடுத்த முறை கண்டிக்கு வரமாட்டேன் என்றாள் அபி. மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுத்தே செத்துப்போவேன் என்றாள். மாத்திரையும் நின்றது.

அதன் பிறகு ஒரு பகல். அவளுடைய தலையைச் சிக்கெடுத்து எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். கன நாளைக்குப் பிறகு தலையைத் தொட விட்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம்.

“அம்மா, எனக்கு இருக்க விருப்பமில்ல” என்றாள்.

“எங்க இருக்க?”

நான் எந்த அர்த்தத்தில் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னலைக் கட்டி முடித்தேன், கை கழுவினேன், முன்னறைக்கு வந்து ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சமூகப் பணியாளருடன் பேச வேண்டும் என்றேன். ஒரு பெண் குரல் வந்தது. பெயர் றிஸ்வானா, மூதூர்ப் பிள்ளை. என்னைத் தெரியாதவள். அதுவே பெரிய நிம்மதி.

“நான் பென்சனில இருக்கிற குடும்பநல உத்தியோகத்தர் கதைக்கிறன். என்ர பழைய பகுதியில ஒரு பிள்ளை இருக்கிறா…” என்று தொடங்கினேன்.

“சொல்லுங்க மிஸ். தூக்கம் எப்பிடி?”

“பகல் முழுக்கப் படுக்கைதான். நித்திரை இல்ல. சுவரில ஒரு வெடிப்பு இருக்கு, அதை விரலால தடவிக்கொண்டு கிடப்பா.”

“சாப்பாடு?”

“பாண் துண்டில கரையை மட்டும் சாப்பிடுவா. முந்தியெண்டா கரையைப் பிச்சு வச்சிட்டு நடுவைத்தான் சாப்பிடுறவ.”

அந்தப் பக்கம் பேனையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“மிஸ், அது உங்கட புள்ளையா?”

“ஓம்” என்றேன். அபிக்குச் சுகமில்லை என்று எங்கள் ஊரில் ஒருவருக்கு நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “சாகிறதப் பத்தி நினைக்கிறாவா எண்டு நேர கேட்டீங்களா?”

“எத்தினை தாய்மாரிட்டக் கேட்டிருக்கிறன். இவளிட்டக் கேக்க ஏலாம இருக்கு. கேட்டா அந்த எண்ணம் வந்திடுமோ எண்டு…”

“கேக்கிறதால வராது. அது உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்.”

“தெரியும்.”

“தெரிஞ்சதெல்லாம் நம்மட வீட்டுக்குள்ள மறந்து போகும். எனக்கும் அப்பிடித்தான். இப்ப போய்க் கேளுங்க. ஃபோனைக் கட் பண்ணாம மேசையில வச்சிட்டுப் போங்க. நான் இதிலதான் இருக்கன்.”

தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் இருந்தேன். எண்ணெய் வைத்த பின்னல் தலையணையில் கிடந்தது.

“அபி. சாகவேணும் போல இருக்கோ பிள்ளை?”

அவள் சுவரிலிருந்து திரும்பினாள். கோபமில்லை. களைத்துப்போன முகம்.

“இவ்வளவு நாளும் ஏன் அம்மா கேக்கேல்ல?”

“பயம்.”

“எனக்கும் பயம்தான்” என்றாள். “எப்பவும் இல்ல. பின்னேரத்திலதான் வரும். அந்த அலுமாரியில இருக்கிற மாத்திரையெல்லாத்தையும் எடுத்து நீங்கள் வச்சிருங்கோ.”

எடுத்தேன். மடியில் கட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். தொலைபேசியில் மேசைகள் இழுபடும் சத்தமும் யாரோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. றிஸ்வானா தொலைபேசியை வைக்கவில்லை.

“கேட்டனான். ஓம் எண்டவ.”

“நல்ல வேலை செஞ்சீங்க மிஸ். இங்க டொக்டரிட்டச் சொல்லிட்டு இண்டைக்கே வாறன். அதுவரைக்கும் அவவைத் தனிய விடாதீங்க. மருந்தை நீங்களே வச்சிக்கங்க.”

அப்போதும் என் புத்தி போன இடத்தைப் பாருங்கள். “பிள்ளை, ஸ்கூட்டியைச் சந்தியில விட்டிட்டு நடந்து வாங்கோ. எங்கட வீட்டுக்கு நேர வராம, முதல்ல பக்கத்து வீட்டுக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ” என்றேன்.

“பக்கத்து வீட்டுக்கு என்னெண்டு போறது மிஸ்? டெங்கு பாக்கவா?” சிரித்தாள். பிறகு சொன்னாள்: “அவ வேணாமெண்டா நான் சந்தியில இறங்கியே வாறன். ஆனா அத நீங்க சொல்லக்கூடாது. அவட்டக் கேளுங்க. ஆருக்குத் தெரியோணும், ஆருக்குத் தெரியப்படாது எண்டது அவட விசயம்.”

கேட்டேன். இவருக்கும் தொலைபேசியில் சொல்லி, இவர் வேலையிலிருந்து ஓடி வந்த பிறகுதான் கேட்டேன்.

“கேற்றடிக்கே வரட்டும்” என்றாள் அபி.

“சனம் பாக்குமடி.”

“பாக்கட்டும் அம்மா. நான் செத்தாலும் சனம் வரும்தானே.”

இவர் எழுந்து போய்க் கேற்றைத் திறந்துவிட்டார்.

றிஸ்வானா கேற்றுக்கு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி அதன் பக்கக் கண்ணாடியில் கொழுவிவிட்டு உள்ளே வந்தாள். அபியின் அறைக்குள் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. “ஸலாம் அபி, நான் றிஸ்வானா. வரச் சொன்னா வருவன். இல்லாட்டி இதில இருக்கன்” என்று சொல்லிவிட்டு, திறந்திருந்த கதவுக்கு வெளியே நிலத்தில் சுவரில் சாய்ந்து இருந்தாள். இவரைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டாள். அது போதும் இவருக்கு.

“பெரிய கப்பல் உள்ளுக்கு வரேக்க நாங்கள்தான் தள்ளி ஜெற்றியில விடுறது. போய் மோதித் தள்ள ஏலாது பிள்ளை. முதல்ல மெல்லமாப் போய்த் தொடோணும். தொட்டபடி கொஞ்சம் நிக்கோணும். பிறகுதான்…”

“அப்பா அதை எல்லாருக்கும் சொல்லுவார்” என்றது உள்ளே இருந்து குரல்.

“நீங்க எத்தினை தரம் கேட்டிருக்கிறீங்க?” என்றாள் றிஸ்வானா, திரும்பிப் பார்க்காமலே.

“பிறந்ததில இருந்து.”

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கதவு நிலைக்கு இரண்டு பக்கமும் இருந்து கனநேரம் கதைத்தார்கள். எங்களைக் குசினிக்குப் போகச் சொன்னாள். எங்களைக் கூப்பிட்டபோது அபி கட்டிலில் எழுந்து இருந்தாள்.

“ஆகக் கஸ்டமா இருக்கிறது எது எண்டு கேட்டன். அபி, நீங்களே சொல்லுங்க.”

“இருமுறது” என்றாள் அபி. “நான் இருமினா அப்பாவும் இருமுறார்.”

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. இவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வேறு என்ன வேண்டும் என்று றிஸ்வானா கேட்டதற்கு, பாண் ஓட்டோ வரும்போது தானே போய் வாங்க வேண்டும் என்றாள். பின்னேரங்களில் பேக்கரிப் பாணை ஏற்றிக்கொண்டு, பாட்டுப் போட்டபடி எங்கள் குறுகலான ஒழுங்கையில் வரும் அந்தப் பாண் ஓட்டோவை, ஒளிந்திருந்த காலம் முழுவதும் அவள் காதால் மட்டும் கேட்டிருக்கிறாள்.

அடுத்த நாள் றிஸ்வானாவே கூட நிற்க, எங்கள் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் பட்டப்பகலில் போனோம். எனக்குத் தெரிந்த ஊழியர் ஒருவர், “மிஸ், நீங்கள் ஏன் வரிசையில? உள்ளுக்கு வாங்கோ” என்று கையைப் பிடித்தார். “இல்ல, நாங்கள் நிக்கிறம்” என்றாள் அபி. நின்றோம். அன்றைக்கு நான் எதிர்பார்த்த குசுகுசுப்பு எதுவும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நடந்தது. இரண்டு தாதியர் பார்த்துப் பார்த்துக் கதைத்தார்கள். அதனால் செத்துப்போகவில்லை. மருந்து மீண்டும் தொடங்கியது.

பாண் ஓட்டோவுக்கு அவள் போன பின்னேரம், நான் யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். யோகாக்காவும் வந்திருந்தார். நான் பயந்த கேள்வியைத்தான் கேட்டார்.

“கண்டியில இருந்து எப்ப பிள்ளை வந்தனீ?”

“நான் போகவே இல்ல அன்ரி. எனக்கு மனதுக்குச் சுகமில்ல. வீட்டதான் இருந்தனான்.”

“தெரியும்” என்றார் யோகாக்கா, பாண் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. “உங்கட அப்பாவுக்கு இருமத் தெரியாது. கப்பல் சங்கு ஊதின மாதிரி இருமுறார். மற்ற இருமல் பூனைக்குட்டியின்ர மாதிரி. ரெண்டும் ஒரு தொண்டையே?”

நான் வெளியே ஓடி வந்தேன். “தெரிஞ்சுகொண்டே ஏன் அக்கா ஒரு சொல்லுச் சொல்லேல்ல?”

“நீங்கள் ஒளிக்கிறியள். நான் கண்டனான் எண்டு வந்து சொல்லுறதே? அதுதான் கொத்தமல்லி கொண்டந்தனான். நீ அதை அவருக்குக் குடுத்தியோ, பிள்ளைக்குக் குடுத்தியோ?”

ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்குத்தான் அந்த மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையின் கதையை முழுதாக நினைத்துப் பார்த்தேன். மூன்று வீட்டு முறையை மட்டும் பிடித்து வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை ஓம் என்று சொன்ன அடுத்த கிழமையே, பொன்மலர் மிஸ் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தைகள் நிறுக்கிற கிளினிக்குக்கு, தெரு முழுக்கப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். குடையை அவள் தலைக்கு மேல் பிடித்திருந்தார். தெருவின் வாய்க்குத்தான் அவர் மறைத்தார். அந்தப் பிள்ளையைத் தெருவிலிருந்து ஒருநாளும் மறைக்கவில்லை. இளம் பிள்ளைகளே, நான் எங்கேயாவது உங்களுக்கு மூன்று வீட்டு முறையைச் சொல்லித் தந்திருந்தால், இந்த மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் அபி என்னைப் பிழை பிடிப்பாள். நல்ல கிழமைகள் வந்தன, கூடாத கிழமைகளும் வந்தன. றிஸ்வானா வந்தாள். சில நாள் அபியோடு, சில நாள் எங்களோடு கதைத்தாள். அபியைக் கேள்வி கேட்டே கொல்கிறேன் என்று எனக்கும், கேள்வியே கேட்காமல் தப்புகிறார் என்று இவருக்கும் ஏச்சு விழுந்தது. பல்கலைக்கழகத்துக்கு என்ன எழுத வேண்டும், இடம் போகாமல் எப்படி வைத்திருப்பது என்பதையும் றிஸ்வானாவே விசாரித்துச் சொன்னாள். அபி இப்போது பாணை முழுதாகச் சாப்பிடுகிறாள். சிலவேளை மூன்று நாள் கதைக்கமாட்டாள். அப்போதெல்லாம் நான் கேட்கிற கேள்வியைக் கேட்கிறேன். ‘இண்டைக்கு இல்ல அம்மா’ என்பாள். அல்லது, ‘கொஞ்சம்’ என்பாள். கொஞ்சம் என்றால் றிஸ்வானாவுக்குச் சொல்வோம்.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் றிஸ்வானா ஸ்கூட்டியிலிருந்து இறங்கிய விதத்தைக் கண்டேன். முப்பது வருசத் தொழில், கண் சும்மா இருக்குமா?

“எத்தினை மாதம்?”

“அல்லாஹ்! என்ட மாமிக்கே இன்னும் சொல்லல்ல மிஸ்!”

சிரித்தோம். இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாம் என்று வழக்கம்போல் தொடங்கினேன். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரசவ விடுமுறை வரும். அப்போது அபிக்கு யார்? நானும் இவரும் குசினிக்குள் நின்று கதைத்தோம். வேறு யாரைத் தேடுவது, அவர் எப்படிப்பட்டவரோ, வீட்டுக்கு வருவாரோ, இவள் அவரோடு கதைப்பாளோ. குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தோம். பழைய பழக்கம்.

நாங்கள் ஒரு முடிவுக்கும் வரவில்லை. இந்தக் கிழமை றிஸ்வானா விடுமுறையில் போய்விட்டாள். நேற்று அபி முன்னறையில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். சிநேகிதி என்று நினைத்தேன்.

“றிஸ்வானா அக்காவுக்குப் பதிலா ஆர் பாக்கினம்?… ஓம், பேஷன்ட் நான்தான்… ஆம்பிளை சேர் எண்டாலும் எனக்குப் பிரச்சினை இல்ல. ஆனா கதவடியில இருந்து கதைப்பாரோ எண்டு கேக்கவேணும். சும்மா, பகிடிக்கு… ஓம், நாளைக்கு வர ஏலும்.”

இன்று காலை வெளிக்கிட்டாள். நானும் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

“நீங்கள் எங்க?”

“உன்னோடதான்.”

“நீங்கள் வீட்ட இருங்கோ அம்மா. பஸ்ஸில போய்வர எனக்குத் தெரியும்.”

“போய்ச் சேர்ந்த உடன ஃபோன் எடு.”

“எடுத்தா எடுப்பன். எடுக்காட்டி, வரிசையில நிக்கிறன் எண்டு நினையுங்கோ.”

கேற்றைச் சாத்திவிட்டு ஒழுங்கையால் நடந்து போனாள். யோகாக்காவுக்குக் கையைக் காட்டினாள். சந்தியில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். இவர் வேலைக்குப் போய்விட்டார். என் வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் வீடுகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் இருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. சேலையை மாற்றாமல் மேசையில் இருந்து இதன் மிச்சத்தை எழுதுகிறேன். தொலைபேசி பக்கத்தில் இருக்கிறது.

அவள் இன்னும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.